கால் மில்லிமீட்டர்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஏதாவது ஒரு கார் உதிரிபாகக் கடையில் நின்று "ஹெட்லைட் பல்பு வேணும்ணே" என்று கேட்டுப் பாருங்கள். "வெள்ளையா, மஞ்சளா? நார்மலா, தொண்ணூறு-நூறா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நிறம் ஒன்று, வாட் ஒன்று. வாங்குபவருக்கும் அதற்குமேல் கேட்கத் தோன்றுவதில்லை. வெளிச்சம் போதவில்லை என்றால் அதிக வாட், பழைய மாதிரி தெரிகிறது என்றால் வெள்ளை. பெட்டியோடு வீட்டுக்கு வந்து மாட்டிவிடுகிறார். அன்று இரவு எதிரே வருகிறவர்களெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போகிறார்கள்.

ஹெட்லைட் பல்பைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உள்ளே இருக்கும் இழை எந்த இடத்தில் நிற்கிறது?

பல்பு தன் வெளிச்சத்தை நாலாபக்கமும் இறைக்கிறது. அதை அள்ளிச் சாலைக்கு அனுப்புவது அதைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணம். நம்மூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் 'டூம்' என்பார்கள். அந்தக் கிண்ணத்துக்குக் குவியம் என்று ஒரு புள்ளி உண்டு. ஒளி அங்கிருந்து புறப்பட்டால் கிண்ணத்தில் பட்டு நேர்க்கற்றையாக வெளியேறும். புள்ளி கொஞ்சம் தள்ளிப்போனால் கற்றையும் திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூடக் கணக்குதான்.

கிண்ணத்தின் குவியத் தூரம் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இழை அச்சிலிருந்து கால் மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது. 25-இல் 0.25 என்பது நூற்றில் ஒன்று. ஆகவே கற்றை நூற்றில் ஒரு பங்கு மேலே தூக்கிக்கொள்ளும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் டிம் போட்டிருக்கும்போது ஒரு சாதாரணக் காரின் கற்றை சாலையை நோக்கிச் சாய்ந்திருப்பதே நூற்றில் ஒரு பங்குதான். பத்து மீட்டர் தூரத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சரிவு. காரை வடிவமைத்தவர் கொடுத்த அந்தச் சரிவு முழுவதையும் கால் மில்லிமீட்டர் பிசகு தின்றுவிடுகிறது.

அரை மில்லிமீட்டர் பிசகினால்? ஏறக்குறைய ஒரு நகத்தின் கனம் அது. இப்போது கற்றை நூற்றில் ஒரு பங்கு மேல்நோக்கிப் போகிறது. விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 50 மீட்டர் தொலைவில் கற்றையின் மேல்விளிம்பு 115 சென்டிமீட்டர் உயரத்தை எட்டும். எதிரே வரும் காரோட்டியின் கண் இருக்கும் உயரம் கிட்டத்தட்ட அதுவேதான்.

பல்பு தயாரிப்புக்கான சர்வதேச விதிகளில் இழையின் இடத்துக்கு மில்லிமீட்டரின் பின்னங்களில் வரம்பு போட்டிருப்பதன் காரணம் இந்தக் கணக்கு. நல்ல கம்பெனி பல்புக்கும் தெருவோரக் கடைப் பல்புக்கும் உள்ள முக்கிய வித்தியாசமும் இதுதான். இழையை அச்சுப் பிசகாமல் நிறுத்துவது. வாட் எல்லோருக்கும் ஒன்றுதான்.

நம் சாலைகளில் மிகப் பரவலான பல்பு எச்4. ஹாலஜன் வாயு அடைத்த முதல் கார் பல்பான எச்1 ஐரோப்பாவில் 1962இல் வந்தது. அதில் ஒரே இழை. டிம்முக்கும் பிரைட்டுக்கும் சேர்த்து இரண்டு இழைகளை ஒரே பல்பில் அடைத்த எச்4 வருவதற்கு 1971 ஆயிற்று. (அமெரிக்கர்கள் அப்போது வேறு உலகத்தில் இருந்தார்கள். அங்கே 1940 முதல் கண்ணாடி, கிண்ணம், இழை எல்லாம் ஒன்றாக ஒட்டி மூடிய விளக்குகள்தாம் சட்டப்படி செல்லும். இழை அறுந்தால் மொத்த விளக்கையும் தூக்கிப் போட வேண்டும். பல்பை மட்டும் மாற்றிக்கொள்ள 1983இல்தான் அனுமதித்தார்கள்.)

எச்4 பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதன் சாமர்த்தியம் புரியும். பிரைட் இழை குவியத்தில் நிற்கிறது. டிம் இழை அதற்குச் சற்று முன்னே. முன்னே நிற்பதால் கிண்ணத்தின் மேற்பாதியில் படும் ஒளி கீழ்நோக்கி, சாலைக்குப் போகிறது. கீழ்ப்பாதியில் பட்டால் மேல்நோக்கி, எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும். அதைத் தடுக்கத்தான் டிம் இழைக்கு அடியில் குட்டியாக ஓர் உலோகத் தொட்டி. கீழே போகும் ஒளியை அது அப்படியே மறித்துவிடுகிறது. பிரைட் இழை 60 வாட், டிம் இழை 55 வாட். வாட்டில் வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் சோதனை மின்னழுத்தமான 13.2 வோல்ட்டில் பிரைட்டின் ஒளி 1,650 லூமென், டிம்முக்கு 1,000தான். மிச்ச ஒளி அந்தத் தொட்டியில் முட்டி வீணாகிறது. எதிரே வருபவருக்காக நாம் கட்டும் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியின் விளிம்பில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு பக்கம் 15 டிகிரி சாய்வாக இருக்கும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே டிம் கற்றையின் மேல்விளிம்பு வலப்புறம் தட்டையாகவும் இடப்புறம் 15 டிகிரி ஏறியும் விழும். எதிரே வருபவர் இருட்டில் நிம்மதியாக வருவார். இடது ஓரத்தில் நடப்பவரும், சைக்கிளும், ஊர்ப்பெயர்ப் பலகையும் நமக்குத் தூரத்திலேயே தெரியும். ஜெர்மனிக்கான விளக்கை அப்படியே கொண்டுவந்து இங்கே பூட்டினால் இந்த ஏற்றம் வலப்புறம் விழுந்து எதிரே வருபவரைக் குருடாக்கும்.

தமிழ்நாட்டில் போக்குவரத்துக் காவலர்கள் அவ்வப்போது வண்டிகளை நிறுத்தி ஹெட்லைட் கண்ணாடியின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நோக்கம் நல்லது. ஆனால் எச்4 பல்பின் நுனியிலேயே தயாரிப்பாளர் கறுப்புப் பூச்சு பூசி, நேராக முன்னே வரும் ஒளியை மறைத்துவிடுகிறார். கிண்ணத்தின் நட்டநடுவில் பல்பு நுழையும் துளை. அங்கே பிரதிபலிக்க எதுவும் கிடையாது. கூச வைக்கும் ஒளி கிண்ணத்தின் மற்ற இடங்களிலிருந்து வருகிறது. சரியான பல்பு உள்ள விளக்குக்கு ஸ்டிக்கர் அவசியமில்லை. தவறான பல்பு உள்ள விளக்கை ஸ்டிக்கர் திருத்தப் போவதுமில்லை.

எந்தப் பல்பு என்பதில் உங்களுக்குத் தேர்வு உரிமை கிடையாது. காரின் கையேட்டிலும், பழைய பல்பின் அடித்தகட்டிலும் எழுதியிருப்பதுதான் உங்கள் பல்பு. டிம்முக்குத் தனி, பிரைட்டுக்குத் தனி என்று நான்கு பல்புகள் உள்ள காரில் எச்7, எச்11, எச்பி3 என்று ஏதாவது இருக்கும். பைக்குகளில் பார்ப்பது பெரும்பாலும் 35/35 வாட் எச்எஸ்1. லாரிக்கு வரும் எச்4 பார்க்க அச்சு அசல் நம்முடையதைப் போலவே இருக்கும். ஆனால் 24 வோல்ட்டுக்கானது. கார்ப் பேட்டரியில் மாட்டினால் செம்மஞ்சளாக முனகும். ஒவ்வொரு வகைக்கும் அடித்தகட்டின் காதுகளை வேறு வேறாக அமைத்திருப்பது ஒன்றை மற்றொன்றின் இடத்தில் நுழைக்க முடியாதபடிதான். அரம் கொண்டு காதைத் தேய்த்து "செட் பண்ணித் தர்றேன் சார்" என்று யாராவது சொன்னால், அவர் தேய்ப்பது மேலே சொன்ன கால் மில்லிமீட்டரை.

இனி, வெளிச்சம் குறைந்துவிட்டது என்ற புகாருக்கு வருவோம். ஹாலஜன் பல்பு அவ்வளவு சீக்கிரம் மங்குவதில்லை. அதன் வேதியியல் அப்படி. டங்ஸ்டன் இழை சுமார் 2,900 டிகிரி செல்சியசில் எரிகிறது. 3,422 டிகிரியில் உருகிவிடும் உலோகத்துக்கு இது நெருப்பில் நடக்கும் வேலைதான். அந்தச் சூட்டில் டங்ஸ்டன் அணுக்கள் ஆவியாகிப் பறக்கின்றன. பழைய பல்புகளில் அவை கண்ணாடியில் படிந்து கரியாக்கின. ஹாலஜன் பல்பில் சிறிதளவு புரோமின் அல்லது அயோடின் இருக்கிறது. கண்ணாடிச் சுவரின் அருகே அது டங்ஸ்டனோடு கூடிச் சேர்மமாகி மீண்டும் இழைப் பக்கம் மிதந்து போகிறது. அங்கே கடும் சூட்டில் பிரிந்து டங்ஸ்டனை இழையிலேயே இறக்கிவிடுகிறது. சுவர் குறைந்தது 250 டிகிரி சூட்டில் இருந்தால்தான் இந்தச் சுழற்சி நடக்கும். பல்பு அவ்வளவு சின்னதாக, உறுதியான குவார்ட்ஸில் இருப்பதன் காரணம் அது. திரும்பி வரும் டங்ஸ்டன், இழையில் மெலிந்த இடமாகப் பார்த்து உட்காருவதில்லை. அதனால் ஹாலஜன் பல்பும் ஒருநாள் அறுகிறது. ஆனால் அறும்வரை கண்ணாடி தெளிவாகவே இருக்கும்.

அப்படியானால் மங்கலுக்குக் காரணம் வேறெங்கோ. முதல் சந்தேகம் வெளிக்கண்ணாடி. இப்போது அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிரில் வருடக்கணக்காக நின்றால் மஞ்சள் படரும், மேலே ஒரு பனிமூட்டம் போலத் தங்கும். அந்த மூட்டம் ஒளியைக் குறைப்பதோடு கண்டபடி சிதறவும் அடிக்கும். இதைப் பாலிஷ் போடாமல் பல்பை மாற்றுவது காசுக்குக் கேடு.

இரண்டாவது சந்தேகம் வயர். என் கணிப்பில் பத்து வயது தாண்டிய கார்களில் பாதிப் புகார்களுக்கு இதுதான் காரணம். இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தோடு நேர் விகிதத்தில் போவதில்லை. ஏறக்குறைய அதன் 3.4ஆம் அடுக்கில் போகிறது. 13.2 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12.2 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்றால், மின்னழுத்தத்தில் குறைந்தது எட்டு சதவீதம்கூட இல்லை. ஒளியிலோ கால் பங்கு போய்விடுகிறது. அந்த ஒரு வோல்ட்டைத் தின்பவை மெல்லிய வயரும், ஸ்விட்சில் தேய்ந்த பித்தளையும், துருப்பிடித்த எர்த் போல்ட்டும்தான். என்ஜின் ஓடும்போது, விளக்கு எரியும்போது, பல்பின் ஹோல்டரிலேயே ஒரு மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரி முனையில் காட்டுவதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், புதுப் பல்பு வாங்கும் முன் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்படியும் தேறாவிட்டால் ரிலே வைத்த வயரிங் கிட் போடலாம். பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேராக மின்சாரம் வரும். பழைய ஸ்விட்ச் ரிலேயை இயக்கினால் போதும். இது சட்டத்துக்கும் உட்பட்டது, எதிரே வருபவரையும் தொந்தரவு செய்யாது. நான் அறிந்த மேம்பாடுகளில் இதற்கு இணை இல்லை.

இதே விதியை மறுபக்கமும் புரட்டிப் பார்க்கலாம். அழுத்தம் ஐந்து சதவீதம் கூடினால் பல்பின் ஆயுள் பாதியாகிவிடும். அடிக்கடி பல்பு போகிறதென்றால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரைப் பாருங்கள்.

தொண்ணூறு-நூறு பல்பின் கதையும் இங்கேதான் வருகிறது. 100 வாட் இழை 12 வோல்ட்டில் 8.3 ஆம்பியர் இழுக்கும். கம்பெனி வயர் 60 வாட்டுக்கு, அதாவது 5 ஆம்பியருக்குப் போட்டது. வயரின் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. முதலில் ஹோல்டர் பழுப்பாகும், பிறகு உருகும். பிளாஸ்டிக் கிண்ணத்தின் பளபளப்புப் பூச்சு புகைபடிந்து பொரியும். அதன்பின் எந்தப் பல்பைப் போட்டாலும் வெளிச்சம் வராது. வயரில் இழக்கும் மின்னழுத்தமும் கூடுவதால், பெட்டியில் போட்ட வெளிச்சம் முழுதாகச் சாலைக்கு வருவதுமில்லை.

பெரிய கம்பெனிகளின் விலையுயர்ந்த 'பிளஸ்' பல்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் 100 சதவீதம், 130 சதவீதம் அதிகம் என்று எழுதியிருக்கும். மொத்த ஒளி அவ்வளவு கூட முடியாது. விதி அனுமதிக்கும் வரம்புக்குள்தான் இருந்தாக வேண்டும். இழையை மெலிதாக, நெருக்கமாகச் சுற்றி, வாயுவில் செனான் சேர்த்து, கற்றையில் தூரத்துக்குப் போகும் ஒரு பகுதியை மட்டும் செறிவாக்குகிறார்கள். அந்தப் பகுதியில் அளந்த எண்தான் பெட்டியில் ஏறுகிறது. ஒளி இருமடங்கானாலும் அதே வெளிச்சம் விழும் தூரம் 1.41 மடங்குதான் ஆகும். அது பயனற்றதென்று சொல்ல மாட்டேன். இரவுப் பயணம் அதிகம் உள்ளவருக்கு நல்ல பல்பு. ஆனால் சீக்கிரம் அறும். வருடத்துக்கு ஒருமுறை பானட்டைத் திறக்கச் சோம்பல்படுபவர் நீண்ட ஆயுள் பல்பு வாங்கட்டும்.

நீலப்பூச்சு பல்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். இழையின் இயல்பான ஒளி சுமார் 3,200 கெல்வின், இளமஞ்சள். அதன்மேல் நீலம் பூசினால் மஞ்சளும் சிவப்பும் வடிகட்டப்பட்டு மிச்சம் வெள்ளையாகத் தெரியும். வடிகட்டியது போனது போனதுதான். அதை ஈடுகட்ட இழையைக் கூடுதலாகச் சூடாக்குவதால் ஆயுளும் குறையும். போதாததற்கு, அளவு ஒன்றாக இருந்தாலும் நீலம் கலந்த ஒளி எதிரே வருபவர் கண்ணை அதிகம் உறுத்தும். மஞ்சள் பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கையும் பாதிக் கதை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் அவை ஏறக்குறைய ஒன்றாகவே சிதறடிக்கும். 1993 வரை பிரான்சில் கார்கள் மஞ்சள் ஹெட்லைட்டோடு ஓடின. பிறகு வெள்ளைக்கு மாறினார்கள். கொடைக்கானல் மலைப்பாதையில் உதவுவது தாழ்வாகப் பூட்டிய பனிவிளக்கு. அதன் நிறம் இரண்டாம்பட்சம்.

எல்இடிக்கு வருவோம். புதுக் காரில் தயாரிப்பாளரே பொருத்திய எல்இடி விளக்கோடு எனக்குச் சண்டை இல்லை. அதன் கிண்ணமும் வில்லையும் எல்இடிக்காகவே பிறந்தவை. பிரச்சினை, ஹாலஜன் கிண்ணத்தில் செருகும் எல்இடி பல்பில் இருக்கிறது. இழை என்பது சுற்றிலும் சமமாக ஒளிரும் மெல்லிய உருளை. எல்இடி பல்பிலோ ஒரு தட்டையான பலகையின் இரு முகங்களிலும் சில்லுகள் ஒட்டியிருக்கும். பலகையின் கனம் இரண்டு மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு முகமும் அச்சிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கிறது. கால் மில்லிமீட்டருக்கே என்ன ஆகிறதென்று பார்த்தோம். முகங்களுக்கு நேரே ஒளி கொட்டும், விளிம்புப் பக்கம் இருண்டிருக்கும். கிண்ணத்தின் சில இடங்கள் நிரம்பி வழியும், சில இடங்கள் பட்டினி கிடக்கும். காருக்கு முன்னால் பத்தடியில் பளீரென்று வெள்ளை விரிப்பு விழுவதால் ஓட்டுபவருக்கு ஆனந்தமாக இருக்கும். ஆனால் பக்கத்தில் விழும் பளீர் வெளிச்சம் கண்மணியைச் சுருக்கிவிடும். தூரத்தில் நிற்கும் மாடு முன்னைவிட மங்கலாகவே தெரியும்.

நன்றாகச் செய்ய முடியாதா? முடியும். ஜெர்மனியில் 2020இல் ஆஸ்ராம் நிறுவனத்தின் எச்7 எல்இடி பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தது. அங்கும் பட்டியலில் உள்ள கார் மாடல்களுக்கு மட்டும்தான், அந்தந்தக் காரின் விளக்கோடு சேர்த்துச் சோதித்த பிறகு. இந்தியாவில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு.

எச்4 பல்பை மாட்டும் வேலை சுலபம். விளக்கை அணைத்து, பல்பு ஆறும்வரை காத்திருங்கள். பின்னாலிருக்கும் மூன்று முள் ஹோல்டரை நேராகப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ரப்பர் உறையைக் கழற்றினால் கம்பிக் கிளிப் தெரியும். அதை அழுத்தி விலக்கினால் பல்பு கைக்கு வரும். ஹோல்டரின் முட்கள் கருகியிருந்தால் ஹோல்டரையும் மாற்றுங்கள். புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது என்பது மூடநம்பிக்கையில்லை. விரலின் எண்ணெயும் உப்பும் பல நூறு டிகிரிச் சூட்டில் குவார்ட்ஸோடு வினைபுரிந்து அந்த இடத்தை வெண்மையாக்கிப் பலவீனப்படுத்தும். உள்ளேயோ காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தம். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் போதும். மூன்று காதுகளும் பள்ளங்களில் முழுதாக உட்காராமல் கிளிப்பைப் போட்டுவிடாதீர்கள். சற்றே தூக்கி நின்றாலும் கற்றை தாறுமாறாகும். ரப்பர் உறையை மடிப்பில்லாமல் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே உள்ளே தண்ணீர். ஒரு பக்கம் போனால் இரண்டையும் மாற்றுவது நல்லது. ஒரே நாளில் மாட்டிய பல்புகள் ஏறக்குறைய ஒன்றாகவே முடியும்.

கடைசியாக, பெரும்பாலோர் செய்யாத ஒரு வேலை. டயர்களில் சரியான காற்றோடு, சமதளத்தில், சுவருக்குப் பத்து மீட்டர் முன்னால் காரை நிறுத்துங்கள். டேஷ்போர்டில் விளக்கின் உயரம் மாற்றும் சக்கரம் இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். தரையிலிருந்து பல்பின் நடு எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே ஒரு கோடு போடுங்கள். டிம் கற்றையின் தட்டையான மேல்விளிம்பு அந்தக் கோட்டில் விழ வேண்டும். விழாவிட்டால் விளக்கின் பின்னாலிருக்கும் திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். விளிம்பே தெரியாமல் சுவரெல்லாம் வெளிச்சம் அப்பியிருந்தால் பல்பு சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் 65 சென்டிமீட்டர் உயர விளக்கின் டிம் கற்றை 65 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், ஓட்டுபவர் சுதாரிக்க ஒன்றரை நொடியும் சேர்த்து, காய்ந்த சாலையில் நிற்க 68 மீட்டர் தேவை. எந்தப் பல்பும் இந்த மூன்று மீட்டரைத் தராது, வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். டிம்மில் போகும்போதே எதிரே வருபவர்கள் ஒருவர்பின் ஒருவராக உங்களைப் பார்த்து விளக்கைச் சிமிட்டினால், பதிலுக்கு பிரைட் அடிக்காதீர்கள். அடுத்த நாள் காலை அந்தத் திருகைப் பாருங்கள்.